பாறையோடு வந்த நண்டுகள்

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்கள் விலை கொடுத்து வாங்கிவரும் ஜீவராசிகளைக் காட்டிலும், பாறையின் பொந்துகளில் ஒண்டிக்கொண்டு தாமாகவே வந்து சேரும் ஜீவராசிகள்தாம் தொட்டியின் போக்கைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அவற்றுள் நண்டுக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. புழுவும் கடற்பஞ்சும் வந்ததை நாம் பல மாதங்கள் அறியாமலே இருந்துவிடலாம்; நண்டு வந்துவிட்டதென்றாலோ, விளக்கணைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு பொந்தின் வாயில் இரண்டு கண்கள் தெரிகின்றன, வீட்டுக்காரருக்கு அன்றிரவே உறக்கம் போய்விடுகிறது.

நான் வசிக்கும் ஃப்ளோரிடாவில் கடலடியிலிருந்து இயற்கையான பாறையைப் பெயர்த்தெடுப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே, மெக்ஸிகோ வளைகுடாவில் இதற்கென்று அனுமதி பெற்ற பரப்பில் சுண்ணாம்புக் கற்களைப் படகில் கொண்டுபோய் இறக்கி, சில ஆண்டுகள் அங்கேயே கிடக்கவிட்டு, இளஞ்சிவப்புப் பாசி படர்ந்து, கடற்பஞ்சும் குழாய்ப்புழுவும் சிப்பியும் குடியேறிய பிறகு மீண்டும் எடுத்து விற்கிறார்கள். ‘லைவ் ராக்’ என்று நாங்கள் சொல்லும் இந்த உயிர்ப்பாறையே தொட்டி நீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களுக்கு இருப்பிடம். செவுள் ஈரமாக இருக்கும்வரை நண்டு நீருக்கு வெளியிலும் பிழைத்திருக்குமாதலால், நனைந்த காகிதத்தில் சுற்றிய பாறைக்குள் இருந்துகொண்டே அது நெடும்பிரயாணத்தைத் தாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

இப்படி வந்த நண்டைக் குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. கொடுக்கின் நுனி கறுப்பாக இருந்தால் கொன்றுவிடு என்பது ஒன்று; வந்தது வந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு உடன்பாடல்ல, ஏனெனில் இரண்டு கட்சியாருமே நண்டை நின்று பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய முதல் அவயவம் கொடுக்குத்தான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நிறத்தைவிட அதன் நுனியின் வடிவமே முக்கியம். ஸாந்திடே என்னும் குடும்பத்து நண்டுகள், அகன்ற முட்டைவடிவ ஓடும், தடித்த கொடுக்குகளும், கருமையோ கரும்பழுப்போ ஏறிய விரல்களும் கொண்டவை; தொட்டிக்காரர்கள் இவற்றையும், இவற்றின் சாயலில் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து வரும் வேறு குடும்பத்து நண்டுகளையும் சேர்த்துக் ‘கொரில்லா நண்டு’ என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறார்கள். கூரிய நுனியும் உள்விளிம்பில் பற்களும் உடைய கொடுக்கு, சிப்பியை உடைக்கவும் சதையைப் பிய்க்கவும் ஏற்பட்டது. ஆனால் இந்தோ–பசிபிக் பாறைகளில் வரும் குளோரோடியெல்லா நைக்ரா போன்ற சிறு நண்டுகளின் விரல்களும் கறுப்பே. நுனியோ சிறு கரண்டிபோல் குழிந்திருக்கும், அது கல்லிலிருந்து பாசியைச் சுரண்டித் தின்பதற்கானது. கருமையை மட்டும் கண்டு தண்டனை விதித்தால் பாசி தின்னும் இந்தப் பிராணியும் மாண்டுபோகும். கரீபியன் கடற்பகுதியிலிருந்து வரும் மரகத நண்டுக்கும் இத்தகைய குழிந்த நுனியே உண்டு. தொட்டிகளில் தொல்லைதரும் குமிழிப்பாசியை அது தின்னும் என்பதால் அதைக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். வயதேறிப் பெருத்த மரகத நண்டு, பாசி தீர்ந்த தொட்டியில், உறங்கும் மீனின்மேல் கை வைப்பதும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

வளைகுடாப் பாறையில் வருபவற்றுள் உண்மையில் அஞ்சத் தக்கது மெனிப்பி என்னும் கல்நண்டு. கொடுக்கை மட்டும் முறித்து எடுத்துக்கொண்டு நண்டைக் கடலிலேயே விட்டுவிடுவது இந்த நாட்டுச் செம்படவர் வழக்கம். இழந்த கொடுக்கு மறுபடியும் வளர்ந்துவிடும். விருந்து மேஜையில் கனத்த விலை பெறும் அந்தக் கொடுக்கின் கரிய நுனி, அதன் மற்றப் பகுதியைவிட மிகவும் கடினமானது என்று பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் அது கருநீலமாக, கொடுக்கின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியுடன், பார்க்க அழகாகவே இருக்கும். அந்த அழகில் மயங்கித் தொட்டியில் தங்கவிட்டால், தொட்டியிலுள்ள நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும்.

இந்த அடையாளங்களை ஓடித் திரியும் நண்டிடம் பார்ப்பது கடினம். அது சட்டை உரிக்கும்வரை பொறுத்திருப்பதே நல்ல வழி. காலையில் தொட்டியின் ஒரு மூலையில் நண்டு செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். இடுக்கியால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியின் கீழ்ப் பார்த்தால், ஓடு பின்புறம் வாய்பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். கண்ணின் மேலுறைகூடப் பளிங்குபோல் கழன்று வந்திருக்கும். கால்களின் ஒவ்வொரு மயிரும், கொடுக்கின் ஒவ்வொரு பல்லும், நுனியின் கருமையும் மாறாமல் இருக்கும். அடித்துப் பிடித்த நண்டைவிட இந்த வெறுஞ்சட்டை அதிகமாகச் சொல்லும் என்பது என் அனுபவம்.

கால்களையும் எண்ணவேண்டும். கொடுக்கு நீங்கலாக நான்கு இணைக் கால்கள் தெரிந்தால் அது மெய்யான நண்டு. மூன்று இணைகளே தெரிந்து, நீண்ட உணர்கொம்புகளும் இருக்குமானால் அது பீங்கான் நண்டு. அகன்ற கொடுக்கைக் கண்டு பயப்படவேண்டியதில்லை, வாயருகே இருக்கும் இரண்டு மயிர்விசிறிகளை வீசி வீசி நீரில் மிதந்து வரும் துகள்களை அள்ளித் தின்று ஜீவிக்கும் சாது அது. கடைசிக் கால் துடுப்பாகத் தட்டையாயிருந்தால், நம் கடற்கரையில் நீலக்கால் நண்டு என்று விற்பார்களே, அதன் உறவினம்; மீனையே துரத்திப் பிடிக்க வல்லது. அதற்குத் தொட்டியில் இடமில்லை.

உருவம் மட்டும் போதுமா என்றால், போதாது, நடத்தையையும் காணவேண்டும். நண்டுகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாதாகையால், டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு நள்ளிரவில் பார்த்தால் அது என்ன தின்கிறதென்பது பிரத்தியட்சமாகத் தெரியும். இறந்த நத்தைகளின் ஓடும் சாட்சி சொல்லும்: வாயின் விளிம்பு துண்டு துண்டாக நொறுக்கப்பட்டிருந்தால் நண்டின் வேலை என்று பெரும்பாலும் கொள்ளலாம், ஓடு சேதமில்லாமல் வெறுமையாயிருந்தால், நண்டின்மேல் பழி சுமத்துமுன் நீரின் உப்பளவையும் நத்தைக்குத் தீனி இருந்ததா என்பதையும் விசாரிக்கவேண்டும்.

குற்றம் ருசுவானால் பிடிப்பது சிரமமில்லை. உயரமான கண்ணாடித் தம்ளருக்குள் இறால் துண்டைப் போட்டு, பொந்தின் அருகே பாறையில் சாய்த்து வைத்தால், இரவில் உள்ளே இறங்கிய நண்டு வழுவழுப்பான கண்ணாடியில் ஏறமுடியாமல் காலையில் அங்கேயே இருக்கும். அதைத் தொட்டியின் அடியில் வடிநீர் சேரும் ‘சம்ப்’ அறையில் விட்டுத் தீனி போட்டு வளர்க்கலாம். கடலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. 1985-ல் இந்தக் கரையோரம் முதன்முதல் காணப்பட்ட பசிபிக் சிங்கமீன், வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியேறியதாகவே ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். இன்று கரீபியன் முழுவதும் அது பெருகி, அங்குள்ள சிறு மீன்களை அழித்து வருகிறது. எந்தக் கடலிலிருந்து வந்ததென்று நிச்சயமாகத் தெரியாத நண்டை அருகிலிருக்கும் கடலில் விடுவதைக் கருணை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு டிரபீஸியா என்னும் நண்டைத்தான் நான் காட்டுவேன். போஸிலோபோரா இனப் பவளத்தின் கிளைகளுக்கிடையே, பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக ஜோடியாய் வாழும் இது; மெருகிட்டதுபோன்ற வழுவழுப்பான ஓடு உடையது. பவளம் சுரக்கும் கோழையைத் தின்கிறது என்பதனால் இதையும் பூச்சி என்று எண்ணிப் பிடுங்கியெறிகிறவர்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன் ஏறவரும்போது, இந்தச் சிறு நண்டு அதன் முட்களைப் பற்றி அசைத்தும், குழாய்க்கால்களைக் கத்தரித்தும் அதைத் துரத்துவதைப் பீட்டர் கிளின் பனாமாவின் பசிபிக் கரையில் ஆராய்ந்து 1970களில் எழுதினார். பின்னர் மூரியா தீவில் பவளங்களிலிருந்து இந்த நண்டுகளை அகற்றிப் பார்த்தபோது, படிந்த வண்டலைத் தள்ள ஆளில்லாமல் அப்பவளங்களில் பல ஒரு மாதத்துக்குள்ளேயே இறந்துவிட்டன. இது 2006-ல் வெளியான ஆய்வு. பவளத்துக்கு அது காவலாளும் துப்புரவாளுமாக ஒருங்கே இருக்கிறது.

புதிதாக வாங்கிய பவளத்தைப் பூச்சி நீங்க மருந்து நீரில் அமிழ்த்துவது அவசியந்தான்; ஆனால் அந்த மருந்து இந்த நண்டையும் கொன்றுவிடும். ஆகவே மெல்லிய மூங்கில் குச்சியால் கிளைகளுக்கிடையே மெதுவாகத் துழாவி நண்டை ஒரு கிண்ணம் கடல்நீருக்கு மாற்றி, பவளத்தை மருந்திலும் பிறகு சுத்தமான உப்புநீரிலும் அலசித் தொட்டியில் வைத்த பின்னரே, நண்டை அதன் கிளைக்குத் திருப்பி விடவேண்டும். சில விற்பனையாளர்கள் வாங்குவோரின் புகாருக்கு அஞ்சி நண்டைத் தாமே எடுத்துவிட்டுப் பவளத்தை அனுப்புகிறார்கள்; போஸிலோபோரா வாங்கும்போதெல்லாம், நண்டு இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பும்படி நான் முன்கூட்டியே எழுதிவிடுவது வழக்கம்.