3.25 மணிக்கு நின்ற பாரிஸ்

பாரிஸின் 13ஆம் வட்டாரத்தில், கோப்லான் அவென்யூவில் பேசாப்படங்களை மட்டும் பியானோ வாசிப்போடு காட்டும் சின்ன அரங்கு ஒன்று உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ரெனே கிளேரின் முதல் படமான 'பாரி கி தோர்' (உறங்கும் பாரிஸ்) அப்படிப் பார்க்க வேண்டிய படம். 1923இல் எடுத்தார், வெளிவந்தது 1925இல்.

ஈஃபில் கோபுரத்து உச்சியில் குடியிருக்கும் இரவுக் காவலாளி ஆல்பெர் காலையில் எழுந்து பார்க்கிறான். கீழே ஊரில் அசைவே இல்லை. இறங்கி வந்தால், திருடன் ஓடிய வாக்கிலேயே நிற்கிறான். துரத்திய போலீஸ்காரரும் அப்படியே. கடிகாரத்தில் மணி 3.25. ஒரு விஞ்ஞானி கதிர் பாய்ச்சி நகரத்தை நிறுத்திவிட்டார். கதிர் எட்டாத உயரத்தில் இருந்த ஆல்பெரும், மார்செய்யிலிருந்து விமானத்தில் வந்த சிலரும்தான் தப்பியவர்கள். கேட்பாரில்லாத ஊரில் நகை, பணம், ஷாம்பெயின் எல்லாம் அவர்களுக்கே. கொஞ்ச நாளில் சலித்துப்போய்ச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கோ அந்தக் காவலாளியை விட்டுக் கண் நகரவில்லை. விடியுமுன்னே லா ஷப்பேலில் மெட்ரோ ஏறும் நம் தமிழ் ஆட்களுக்கும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் உறங்கும் பாரிஸ் தினசரிக் காட்சி. மற்றவர்கள் வருவதற்குள் அலுவலகங்களைத் துடைத்து முடிக்க வேண்டும். அவர்களுடைய நேரம் ஷிப்டு போடுகிறவர் கையில்.

எங்கள் ஊரான விளாத்திகுளத்தில் எங்கள் நேரம் மேகத்தின் கையில் இருந்தது. வானம் பார்த்த பூமி. கரிசல் நனைந்தால் காலை விடாது, காய்ந்தால் கலப்பை இறங்காது. நடுவில் பதம் கிடைக்கும் சில நாளில் உளுந்தும் பாசியும் விதைத்தாக வேண்டும். புரட்டாசி முழுக்க அண்ணாந்து பார்த்தபடி கிடந்த ஊர், மழை இறங்கியதும் ராப்பகல் பார்க்காமல் ஓடும். ஒருவர் விசையைத் திருப்பினால் ஊரே நிற்கும், மறுபடி திருப்பினால் ஓடும் என்பது கரிசல்காட்டுப் பிள்ளைக்கு மாயமில்லை. அதனால்தான் இந்தப் படம் எங்கள் பிள்ளைகளுக்கும் சொந்தம் என்கிறேன்.

ஊரில் திரை கட்டி இதைக் காட்ட வேண்டும். எழுத்து வருமிடங்களை நான் தமிழில் சொல்லிவிடுவேன். விதைப்பு ஓடும் ஐப்பசியில் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். மிளகாய் பறித்துக் களத்தில் காயப்போடும் பங்குனியில் வைத்துக்கொள்ளலாம்.