பல்கேரிய நாட்டு விருந்து

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கீழ்ப் பாகத்தில், வடக்கே டான்யூப் நதியும் கிழக்கே கருங்கடலும் எல்லையாக அமைந்தது பல்கேரியா. அந்நாட்டை யாம் நேரிற் கண்டதில்லை. எனினும், அதன் விருந்துமுறையைப் பற்றிப் படித்த நாள்முதல் எம் உள்ளத்தை ஒரு வினா வருத்திவருகின்றது. பழமையானதே ஒரு நாட்டாருக்கு உரியதோ?

சிறப்புடைய விருந்தினர்க்கு அந்நாட்டார் முதற்கண் அளிப்பன வட்டமான ரொட்டியும் உப்புமே. விருந்தினர் ரொட்டியைச் சிறிது பிட்டு, உப்பில் தோய்த்து உண்பர். ஏழையின் மனையிலும் உள்ள இவ்விரு பொருள்களே வரவேற்பாக அமைதல் நினைந்து மகிழத்தக்கது.

கோடையில் வெள்ளரிக்காயும் பூண்டும் சதகுப்பை இலையும் சேர்ந்த 'தாரதோர்' என்னும் குளிர்ந்த தயிர்ச்சாறு பருகுவர். மெல்லிய மாவேடுகளுக்கிடையே முட்டையும் பாற்கட்டியும் பரப்பிச் சுடுவது 'பனித்சா'. அந்நாட்டுத் தயிரிலுள்ள நுண்ணுயிரை 1905-ஆம் ஆண்டில் ஸ்டாமென் கிரிகோரவ் என்னும் பல்கேரிய அறிஞர் கண்டறிந்தார். அது பின்னர் அந்நாட்டின் பெயரையே பெற்றது. 'இன்னும் வேண்டுமோ?' என்று வினவுங்கால் அயலார் விழிப்பாயிருத்தல் வேண்டும். பக்கவாட்டில் தலையசைத்தல் அங்கே 'ஆம்' என்பதற்கு அறிகுறி. வேண்டாமென்று அசைத்தவனது தட்டு மீண்டும் நிறைந்துவிடும்!

இவையெல்லாவற்றினும் புகழ்பெற்றது 'ஷோப்ஸ்கா' என்னும் பச்சைக்காய்க் கலவை. தக்காளி, வெள்ளரி, குடமிளகாய், வெங்காயம் இவற்றின்மீது வெண்பாற்கட்டியைத் துருவித் தூவுவர். வெண்மை, பசுமை, செம்மை என்னும் கொடியின் மூவண்ணமும் அதில் விளங்கும். தொன்றுதொட்டு வந்த உணவென்றே அயலார் கருதுவர். உண்மையிலோ, 1950-ஆம் ஆண்டுகளில் பால்கன்டூரிஸ்ட் என்னும் அரசாங்கச் சுற்றுலா நிலையத்தார் விருந்தினர்பொருட்டு அமைத்தது அது. தக்காளியும் மிளகாயுமோ அமெரிக்காவினின்று வந்து குடியேறியவை.

இதனால் அதனைப் போலியெனத் தள்ளலாமோ? பழந்தமிழ் பயிலும் எம்மனோர்க்குப் பழையதே எமதென்று எண்ணுதல் எளிது. ஆயினும் யாம் கற்கும் தொல்காப்பியமே 'விருந்து' என்னும் சொல்லைப் புதுமை என்னும் பொருளில் ஆள்கின்றது. அயலார்க்கென்று அமைத்த அவ்வுணவைப் பல்கேரியர் இன்று தம் மனைகளில் தம் மக்களுக்கே இட்டு மகிழ்கின்றனர். அன்போடு பிறர்க்கு அளித்து, தாமும் விரும்பி உண்டு, அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஒரு பொருளை ஒரு நாட்டாருக்கு உரியதாக்குவது அதன் வயதன்று, அவர்தம் அன்பே என்பது எம் துணிபு.