பத்து நாள் கடை

வார்பி பார்க்கர் என்ற அமெரிக்க நிறுவனம் 2010இல் இணையத்தில் மட்டும் மூக்குக் கண்ணாடி விற்க ஆரம்பித்தபோது அதற்குக் கடையே கிடையாது. மலிவாக விற்க முடிந்ததற்குக் கடை இல்லாததும் ஒரு காரணம். ஆனால் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே "உங்க ஆபீசுக்கு வந்து போட்டுப் பாக்கலாமா?" என்று போன் வர ஆரம்பித்துவிட்டது. நிறுவனர்களில் ஒருவரான நீல் புளூமெந்தால் பிலடெல்பியாவில் தன் வீட்டுக்கே அவர்களை வரச்சொல்லி, சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடிகளைப் பரப்பி வைத்தார். 2012இல் ஒரு பள்ளிப் பேருந்தையே கடையாக்கி ஊர் ஊராக ஓட்டினார்கள். 2013இல் நியூயார்க்கில் கடை திறந்தார்கள். இணைய வியாபாரம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு மேசை கிட்டத்தட்ட தல புராணம்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை இல்லை, கட்டில்தான். அக்கா மூன்று வருஷமாக இன்ஸ்டாகிராமில் காட்டன் புடவை விற்கிறாள். வெளியூர் ஆட்கள் படம் பார்த்துப் பணம் அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருப் பெண்கள் படத்தைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "போன்ல மஞ்சளா இருந்துச்சு, நேர்ல பாத்தா சந்தனக் கலரா கீதே?" என்று முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். கட்டில் முழுக்கப் புடவை. அப்பாவுக்குத் தூங்க இடமில்லை. அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "தொட்டுப் பாக்காத துணிக்கு எவடா காசு குடுப்பா?"

நான் ஓ.எம்.ஆரில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு பிராண்ட் ரெண்டு வாரத்துக்கு எங்கே கடை போடலாம் என்று முடிவெடுக்கிற மாதிரியான வேலையும் அதில் வரும். மந்திரம் ஒன்றும் இல்லை, ஒரு அட்டவணைதான். பின்கோடு வாரியாக எத்தனை ஆர்டர், எவ்வளவு தொகை, எத்தனை பார்சல் திரும்பி வந்தது. ஆர்டர் ஏற்கெனவே குவிகிற பின்கோடுக்கு அருகில் கடை போடுவார்கள். அங்கே விற்கிற சரக்கைவிட, பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு வீட்டிலிருந்து கொடுக்கிற ஆர்டர்தான் கணக்கு. கடை வாடகையை விளம்பரச் செலவில் எழுதுவார்கள்.

அப்படி ஒரு அட்டவணையில் என் ஊரைத் தேடினேன். 600013 ராயபுரம், 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர். மூன்றும் ரொம்பக் கீழே இருந்தன. அதில் ஒன்றுக்குப் பொருள் வந்ததும் காசு கொடுக்கிற வசதியையே நிறுத்தி வைத்திருந்தார்கள், பார்சல் அதிகம் திரும்புகிறதாம். காசு முன்னால் கட்டத் தயங்குகிறவர்களிடம் அந்த வசதியையும் எடுத்துவிட்டால் ஆர்டர் எப்படி வரும்? ஆர்டர் வராததால் கடையும் வராது. வட சென்னைக்காரர்கள் வாங்குவதில்லை என்று அந்த அட்டவணை சொல்லும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதை எழுதினவனை எம்.சி. ரோட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு தெரியாதவர்களுக்கு: ராயபுரத்தை ஒட்டிய ஜவுளித் தெரு. வருஷம் முழுக்கக் கடைகள் உண்டு. சீசனில் அந்தக் கடைகளுக்கு முன்னால் இன்னொரு தெருவே முளைக்கும். தார்ப்பாய், ரெண்டு கட்டை, ஒரு பல்பு. நைட்டி, பாவாடை, குழந்தைச் சட்டை, தலையணை உறை. தண்டலுக்கு வாங்கின பணத்தில் சரக்கு எடுத்திருப்பார்கள். தீபாவளி என்றால் மழையும் கூடவே வரும், ரெண்டு நாள் விடாமல் பெய்தால் போனிகூட ஆகாது. பண்டிகை முடிந்த மறுநாள் தெரு பழையபடி அகலமாகிவிடும். நிர்வாகப் பாடத்தில் 'பாப்-அப்'புக்கு என்ன இலக்கணம் சொல்கிறார்களோ அத்தனையும் இதில் இருக்கிறது: குறுகிய காலம், கூட்டம் இருக்கிற இடம், இப்ப விட்டால் கிடைக்காது என்கிற அவசரம். ஒரே வித்தியாசம், பிராண்டுக்குக் கிளம்பிப் போக இன்னொரு இடம் இருக்கிறது. தற்காலிகம் என்பதையே அது காசு கொடுத்து வாங்குகிறது. தார்ப்பாய்க்காரருக்கு அதுவே தலையெழுத்து.

தற்காலிகமாக வந்து நிலைத்தவர்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடைகள் நாட்டுடைமையாகி, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த தமிழர்கள் 1969 வாக்கில் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலை ஓரமாகப் போட்ட சின்னச் சின்னக் கடைகள்தான் பர்மா பஜார். என் முதல் வாக்மேன் அங்கே வாங்கினது. அந்தக் கடைகள் இன்னமும் இருக்கின்றன.

போன வருஷம் அக்கா ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு கண்காட்சியில் ரெண்டு நாளைக்கு மேசை எடுத்தாள். ஏசி, மெல்லிசான பாட்டு. யாரும் விலை பேசவில்லை. நிறையப் பேர் புடவையைத் தொட்டுப் பார்த்து, க்யூ.ஆர். கோடைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேசை வாடகையும் ஆட்டோ காசும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். "நம்ம தெரு பொம்பளைங்க ஒருத்தரும் இங்க வர மாட்டாங்க இல்ல?" என்று வரும் வழியில் கேட்டாள். அந்தத் துணி, அந்த விலை அவர்களுக்கும்தான் சரியாக இருக்கும். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் 2021லேயே வந்துவிட்டது. தூரம் ஒரு காரணமே இல்லை.

இந்த சீசனுக்கு எம்.சி. ரோட்டில் ஒருவர் தன் கடைக்கு முன்னால் பத்து நாள் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடைபாதையை அவர் எப்படித் தருவார் என்று நான் கேட்டதற்கு அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. 2014இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நல்ல சட்டம்தான். அகற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். ஆனால் விற்பனைச் சான்றிதழ் வாங்குகிறவர், தனக்கு வேறு பிழைப்பு இல்லை, இடத்தை வாடகைக்கு விட மாட்டேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பை வைத்துப் பத்து நாள் கடைக்காரி என்ன செய்வாள்?

"இன்ஸ்டாகிராம் வேற பிழைப்பா, இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"மொதல்ல நீ மழைக்குத் தாங்குற மாதிரி ஒரு தார்ப்பாய் பாரு. ஆன்லைன்ல வேணாம். பாரிமுனைல போய்த் தொட்டுப் பாத்து வாங்கு."