நாலுவழிச் சாலையில் ஒரு சொம்பு தண்ணீர்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குச் சைக்கிள் மிதித்துப் போனவர்கள் ஊர் திரும்பியதும் மலையையும் வெயிலையும் பற்றிச் சொல்வதைவிட, முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த டீயைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். காசு வாங்க மறுத்த ஓட்டல்காரர், இருட்டியபின் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர், மழைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டவர் என்று பட்டியல் நீளும். கேட்பவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள்: நம் மக்கள் நல்லவர்கள். அதை மறுக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்த முடிவு சாலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2010இல் எண்களை மாற்றியபோது ஏழு பழைய நெடுஞ்சாலைகளைக் கோத்து உண்டானது தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். நாளுக்கு நூறு கிலோமீட்டர் மிதித்தால் ஏறக்குறைய நாற்பது நாள். நாற்பது இரவுக்குப் படுக்கை, இருநூறு லிட்டருக்குக் குறையாத தண்ணீர். ஊருக்கு ஊர் தற்செயலாக ஒரு நல்ல மனிதர் வாய்ப்பதால் மட்டும் இவ்வளவும் கிடைத்துவிடாது. அந்த ஈரம் சாலையோடு சேர்த்துக் கட்டப்பட்டது. சாலையின் அமைப்பு மாறினால் அதுவும் வற்றும் என்பது என் கட்சி.

தெற்கு முனையிலேயே இதற்குச் சான்று கிடக்கிறது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது சத்திரமும் கூடவே வந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒன்று இன்றும் நிற்கிறது. அரசி கட்டாத இடங்களில் ஊரார் கட்டினார்கள். தலைச்சுமையோடு போகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி, தானே ஏற்றிக்கொள்ளத் தோதான உயரத்தில் நிறுத்திய சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, யாரென்றே தெரியாத வழிப்போக்கரின் சுமையை இறக்க ஒரு குடும்பம் செலவு செய்தது. அங்கே கொடுப்பவரும் நிற்பதில்லை, நன்றி கேட்பவரும் இல்லை. கோடையில் திறக்கும் தண்ணீர்ப்பந்தலும் இந்த மரபில் வந்ததுதான், இன்று பானையைவிடத் தலைவர் படம் பெரிதாக இருந்தாலும். மோர் குளிர்ச்சியாக இருந்தால் படத்தைச் சைக்கிள்காரர் மன்னித்துவிடுவார்.

சேலம், தொப்பூர் கணவாய், ஓசூர், பெங்களூரு எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டிவிடலாம். அனந்தபுரத்துக்கு வடக்கே குத்தி என்ற ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, எர்ரகுடிப் பாறைகள் இருக்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் அங்கே வெட்டுவித்த கட்டளைகளில் ஒன்று, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததையும், பாதையோரம் கிணறு தோண்டி மரம் நட்டதையும் சொல்கிறது. சோழர், பாண்டியர் நாடுகளின் பெயரும் அதே கட்டளையில் வருகிறது. அறத்தைப் பற்றி நிறையப் பேசிய அரசர், வழிப்போக்கர் விஷயம் வந்ததும் கிணற்றுக்கும் நிழலுக்கும் கணக்குச் சொல்கிறார். உபதேசத்தைக் குடித்துத் தாகம் தீராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஐதராபாத்தைத் தாண்டி ஆதிலாபாத், நாக்பூர் என்று போகும்போது புதிய சாலையின் குணம் முழுதாகத் தெரியும். புறவழி ஊரை ஒதுக்குகிறது, மேம்பாலம் தலைக்குமேல் கடத்துகிறது, நடுச்சுவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையை வேறு தேசமாக்குகிறது. வாசல் திண்ணையிலிருந்து சாலை தெரிந்தால்தானே ஒருவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுக்க முடியும்? நாக்பூருக்கு வடக்கே, பெஞ்ச் காட்டை இந்தச் சாலை கடக்கும் பகுதியில் விலங்குகளுக்காகவே ஒன்பது கீழ்ப்பாதைகளும் பாலங்களும் கட்டினார்கள். மிக நீளமானது 750 மீட்டர். புலிகள் அவற்றின் வழியே போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். புலி எங்கே கடக்கும் என்று யோசிக்கத் தெரிந்த சாலைக்கு, சைக்கிள்காரர் எங்கே தண்ணீர் குடிப்பார் என்று யோசிப்பது பெரிய காரியமா? இப்போதைக்கு அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் லாரி டிரைவர்கள். நாமக்கல்லில் பாடி கட்டிய வண்டியை வடக்கே ஓட்டிப்போய், ஓரம் கட்டி, ஸ்டவ் மூட்டிச் சோறு பொங்குகிறவருக்கு வீட்டைவிட்டு வாரக்கணக்கில் சாலையில் கிடப்பது என்னவென்று தெரியும். அவரும் அந்த ஊருக்கு அந்நியர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக வருகிறவர் வேடிக்கைப் பொருள்; அவருக்கு டீ கிடைக்கும். கேரியரில் பால் கேனோ செங்கல்லோ கட்டிக்கொண்டு அதே சாலையில் தினமும் போகிறவரை யார் நிறுத்தி உபசரிக்கிறார்கள்? நியாயமான கேள்வி. 2020 கோடையில் சாலையே இதற்குச் சாட்சி சொன்னது. ஊரடங்கில் வேலையிழந்தவர்கள் ஐதராபாத் பக்கமிருந்து இதே வழியில் நடந்தும் சைக்கிள் மிதித்தும் வடக்கே போனார்கள். லத்தியும் விழுந்தது, சில ஊர்கள் வழியை அடைத்தன; அதே சாலையோரங்களில் பலர் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார்கள், செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். ஆகவே ஈரம் வேடிக்கைக்கு மட்டும் சுரப்பதில்லை. ஆனால் அது ஒரு பஸ்ஸுக்கு ஈடாகாது என்பதும் அந்தக் கோடையில்தான் தெரிந்தது. இன்னொரு மறுப்பு பழைய ஏற்பாடுகளைப் பற்றியது. சத்திரங்கள் பல சாதி பார்த்துச் சோறு போட்டன. 1540களில் வடக்கே ஆண்ட ஷேர் ஷா வழியெங்கும் அமைத்த சராய் என்னும் விடுதிகளில்கூட இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி ஏற்பாடு. இருட்டியபின் தனியாக வரும் பெண்ணுக்கு மண்டபம் திறப்பதும் ஆணுக்குத் திறப்பதும் இன்றும் ஒன்றல்ல. இதெல்லாம் உண்மை. உபசரிப்பு மனித சுபாவம் மட்டுமே என்றால் இந்த ஓரவஞ்சனையைத் திருத்த வழியே இல்லை. கட்டப்பட்ட ஒன்று என்றால் மாற்றிக் கட்டலாம். மாற்றிக் கட்டியும் காட்டினார்கள்.

அதைப் பார்க்க ஜான்சி, குவாலியர், ஆக்ரா தாண்டி டில்லிக்கு வடக்கே போகவேண்டும். ஹரியானாவில், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக முகலாயர் நிறுத்திய குரோசத் தூண்கள் சில மிச்சமிருக்கின்றன; தூரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அம்பாலா, லூதியானா, ஜலந்தர் பக்கம் வந்ததும் குருத்வாராக்கள் தொடங்குகின்றன. லங்கர் என்னும் அங்குள்ள பொதுப்பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காரவேண்டும் என்பது விதி. பெயர் கேட்டு இலை போடும் வழக்கத்துக்கு எதிராகவே பிறந்த பந்தி அது. 1606இல் லாகூரில் கொடும் வெப்பத்தில் வதைக்கப்பட்டு உயிர்நீத்த குரு அர்ஜனின் நினைவாக, கோடை உச்சத்தில் சீக்கியர்கள் வண்டிகளை நிறுத்தி, பாலும் ரோஸ் சர்பத்தும் கலந்த குளிர்நீர் கொடுக்கிறார்கள். சபீல் என்று பெயர். குமரிப் பக்கத்துச் சுமைதாங்கிக் கல்லும் இதுவும் ஒரே வகை: தம்மவர் பட்ட துன்பம் வழியில் போகிறவருக்குப் படக்கூடாது என்ற கணக்கு. இடையில் மூவாயிரம் கிலோமீட்டர், மொழி வேறு, சமயம் வேறு.

ஜம்முவுக்கு அப்பால் சாலை மலைக்குள் புகுகிறது. ஸ்ரீநகர் போய்ச் சேருவதற்குள் பெரிய சுரங்கங்கள் இரண்டு: 2017இல் திறந்த செனானி–நஷ்ரி, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 2021இல் திறந்த பனிஹால்–காசிகுண்ட், எட்டரை. முதல் சுரங்கம் சுமார் முப்பது கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது. பனியிலும் நிலச்சரிவிலும் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது பெரிய உபகாரம். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் சுரங்கத்துக்குள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பழைய பாதை இன்னும் பட்னிடாப் மேலே ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தில்தான் பட்டீசா என்ற இனிப்புக்குப் பேர்போன குத் என்ற சிற்றூர். காரில் போகும் அவசரக்காரருக்கு இனி அங்கே வேலையில்லை. சைக்கிள்காரர் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். வளைவு திரும்பும்போதே கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிடலாம். எந்த ஊர் என்று கேட்கவும், அடுப்பில் பால் வைக்கவும் நேரமிருக்கிறது.