மேஜையின் கீழே ஒரு ஜீவன்



விசுவாசியின் வீட்டில் நாய் வளர்க்கலாமா? தலைநகராகிய டெல்லியில் குடியிருக்கும் நம் ஜனங்கள் இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஊரில் இது பெரிய கேள்வியல்ல. அங்கே முற்றம் உண்டு. நாய் வெளியே படுத்துக்கொள்ளும். இங்கோ சமையல், பிள்ளைகளின் படிப்பு, குடும்ப ஜெபம், உறக்கம் யாவும் ஒன்றிரண்டு அறைகளுக்குள் நடக்கின்றன. மேலும், வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், நகரத்திற்குப் புறம்பே நிற்பவர்களின் வரிசை நாய்களிலிருந்து தொடங்குகிறதே என்று சிலர் கலங்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக மணி என்னும் நாட்டு நாய் இருக்கிறது. சந்தில் உள்ள அயலார் அந்தப் பெயரைப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக எண்ணிக்கொண்டு, “மதராசிகள் பணத்தைக் கயிற்றில் கட்டி நடத்திப் போகிறார்கள்” என்று நகைப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் இந்நகரத்தின் வெப்பம் 45 டிகிரியை எட்டும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையோ அதன் பாதங்களைச் சுட்டுவிடும். ஆகவே சூரியன் உதிக்கும் முன்னும், அஸ்தமித்து வெகுநேரம் சென்ற பின்னுமே மணியை வெளியே அழைத்துப் போகிறோம். தீபாவளி இரவுகளில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி, கட்டிலின் அடியில் நடுங்கிக் கிடக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் அதைச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். இரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுவதும் நமக்கென்று பெற்றால் மாத்திரமே நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையெனில் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அனுப்ப வேண்டும். தூங்கும் வசதிப் பெட்டியிலும் மற்ற ஏ.சி. வகுப்புகளிலும் அனுமதி இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடுகிற வண்டி. அத்தனை நேரம் கோடை வெயிலில் கூண்டுக்குள் விட மனம் வரவில்லை. பல மாதங்கள் சேமித்துக் கூபே பெற்றோம்.

காசிமேட்டில் என் தமக்கையின் வீடு. கடலைக் கண்டிராத மணி, முதல் அலையை நக்கிப் பார்த்து, உப்புக் கரித்ததும் பின்வாங்கியது. பின்பு மீனவர் வலை பிரிக்கும் இடத்திலிருந்த கரைநாய்களோடு அமர்ந்துகொண்டது. அந்த நாய்களில் ஒன்றும் கூடையில் வாய் வைக்கவில்லை. வலையிலிருந்து உதறப்பட்ட சிறு மீன்களுக்காகவே பொறுமையாய்க் காத்திருந்தன. அவற்றை ஒருவரும் துரத்தவும் இல்லை.

அதைக் கண்டபோது வேறொரு கடற்கரை என் நினைவுக்கு வந்தது. நம் ஆண்டவர் மத்திய தரைக்கடல் ஓரத்திலுள்ள தீரு, சீதோன் பட்டணங்களின் பக்கமாய்ப் போனதை மத்தேயு 15ஆம், மாற்கு 7ஆம் அதிகாரங்களில் வாசிக்கிறோம். இன்று அவை லெபனான் நாட்டில் உள்ளன. அங்கே ஒரு தாய் பிசாசினால் வேதனைப்பட்ட தன் மகளுக்காகக் கெஞ்சினாள். பிள்ளைகளே முதலில் பசியாற வேண்டும் என்னும் ஒழுங்கை ஆண்டவர் அவளுக்கு முன் வைத்தார். அவள் அதை மறுக்கவில்லை. மேஜையின் கீழ் காத்திருக்கும் நாய்க்குட்டிகளுக்கும் சிந்துகிற துணிக்கைகள் உண்டென்று தாழ்மையோடு சொல்லி, தன் மகளுக்கு விடுதலை பெற்றாள். அங்கே மூல கிரேக்கத்தில் வருவது ‘குனாரியோன்’ என்னும் சொல். அது சிறு நாயைக் குறிக்கும். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் சொல் அது அல்ல.

அந்தக் கரையோர ஜனங்களுக்கு நாய்கள் அந்நியமானவை அல்ல. பெலிஸ்தரின் பழைய பட்டணமாகிய அஸ்கலோனில் 1985 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டேஜர் தலைமையில் அகழாய்வு நடந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் எலும்புக்கூடுகள் அங்கே கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி குட்டிகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில், பக்கவாட்டில் கிடத்தப்பட்டு, வால் பின்னங்கால்களைச் சுற்றியிருக்கும்படி அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அக்காலத்தில் அப்பட்டணம் தீருவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது.

பிரியமானவர்களே, முதலில் பிள்ளைகள். ஆயினும் துணிக்கைகள் மறுக்கப்படுவதில்லை. இந்த ஒழுங்கு நம் நகரத்துக்கும் தேவை. தெருநாய்க்கடியினால் பிள்ளைகள் படும் துன்பத்தை 2025 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு 11 அன்று, டெல்லியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கும்படி கட்டளையிட்டது. ஆகஸ்டு 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அவற்றைப் பிடித்த இடத்திலேயே விடவும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடாதிருக்கவும், தெருவெங்கும் உணவிடாமல் அதற்கென்று குறிக்கப்பட்ட இடங்களில் மாத்திரம் இடவும் சொன்னது. நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து, இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றவும், மறுபடி அங்கே விடாதிருக்கவும் உத்தரவிட்டது.

எங்கள் சபையில் ஒரு சகோதரியின் ஏழு வயது மகனைத் தெருநாய் கடித்தது. ஒருவர் மஞ்சள் தூள் வைக்கச் சொன்னார். இன்னொருவர், ஜெபித்தால் போதும், ஊசி அவிசுவாசம் என்றார். எங்கள் போதகரோ பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே ஜெபித்தார். கால் மணி நேரம் கழுவினார். கால் மணி நேரம் ஜெபித்தார். பின்பு ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அன்றே முதல் ஊசி போடப்பட்டது. குறித்த நாட்களில் மீதி ஊசிகளும் போடப்பட்டன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிள்ளை சுகமாயிருக்கிறான்.

வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின்பு பிழைப்பவர் மிக மிக அரிது. ஆனால் கடித்தவுடன் கழுவி, தாமதமின்றி ஊசி போட்டுக்கொண்டால் அது வராமல் தடுக்கலாம். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். குட்டிநாயின் கடி என்றோ, சிறு கீறல் என்றோ அசட்டையாய் இருக்க வேண்டாம். டெல்லியில் அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள்.

ஆகவே நாய் வளர்க்க விரும்பும் சகோதர சகோதரிகளே, கோபுரம் கட்டுமுன் செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கும்படி ஆண்டவர் போதித்ததை நினைவுகூருங்கள். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும்; சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். முக்கியமாக, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதை யார் பார்ப்பார் என்று முன்னமே தீர்மானியுங்கள். பிழைப்பைத் தேடி வந்த நமக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறது; திரும்பிப் போகலாம். அந்த வாயில்லா ஜீவனுக்கு நம் வாசலே ஊர். நாம் பூட்டிவிட்டுப் போனால் அது எங்கே போகும்? தன் வசமுள்ள மிருகத்தின் உயிரைக் குறித்து நீதிமானுக்கு அக்கறை உண்டென்று நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. இந்தப் பொறுப்பை ஏற்க இயலாத குடும்பம் நாய் வளர்க்காதிருப்பதே இரக்கம்.

நாமும் ஒருகாலத்தில் புறஜாதியாராய், துணிக்கைக்குக் காத்திருந்தவர்களே. கிருபை நம்மை மேஜையில் பிள்ளைகளாக உட்கார வைத்திருக்கிறது. அந்த மேஜையின் கீழே காத்திருக்கும் ஜீவனை நாம் நடத்துகிற விதத்திலும் நம் சாட்சி விளங்கட்டும். கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளையும் உங்கள் வாசலையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.