போதையில் செய்த குற்றம் யாருடையது?



"நிதானத்தில் இல்லை, போதையில் செய்துவிட்டான்" என்னும் சொல்லை நாம் கேட்காத மஹல்லா இல்லை. மனைவியை அடித்தவனுக்காக அவனுடைய தாயே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் இதனை மன்னிப்புச் சீட்டாகவே நீட்டுகிறார்கள். அந்தச் சீட்டு நாட்டின் சட்டத்திலும் நமது ஃபிக்ஹிலும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எழுத வேண்டியது அவசியமாகிவிட்டது.

1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென 85, 86 என இரு பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 23, 24 ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. ஒருவனுக்குத் தெரியாமலோ அவனது விருப்பத்திற்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய இயலாத நிலையில் அவன் செய்தது குற்றமாகாது என்பது முதற்பிரிவு. தானே விரும்பிக் குடித்தவனை, தெளிந்த நிலையில் அவனுக்கு எந்த அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு உடையவனாகவே கருத வேண்டும் என்பது இரண்டாவது. கவனியுங்கள், 'அறிவு' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'நோக்கம்' என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

1956 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பாஸ்தேவ் வழக்கு இதற்கு வழிகாட்டி. அன்றைய பெப்சு மாநிலத்தில் ஒரு திருமண விருந்து. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜமேதார் ஒருவர் நன்றாகக் குடித்திருந்தார். தாம் வசதியாக அமர்வதற்காக ஒரு சிறுவனைச் சற்று நகரச் சொன்னார், அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார். சிறுவன் மாண்டான். கொலை செய்யும் நோக்கத்தைக் கொள்ள இயலாத அளவுக்குப் போதை ஏறியிருந்தால் குற்றத்தின் தரம் குறையலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், இவர் தாமாக நடமாடினார், தெளிவாகப் பேசினார், சுட்டபின் தப்பியோட முயன்றார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். ஆகவே அது கொலைதான் என்று முடிவாயிற்று. வெறும் ஒரு இருக்கைக்காக!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவின் ஜமாஅத் கூட்டத்திற்கு நம்மை அழைத்திருந்தார்கள். குடித்துவிட்டு வந்த கணவன் அடித்ததில் ஒரு சகோதரியின் கை முறிந்திருந்தது. "ஹஜ்ரத், அந்த நேரத்தில் அவன் மனிதனாகவே இல்லையே" என்றார் அவனுடைய அண்ணன். பெரியவர்கள் சிலர் தலையசைத்தார்கள். அந்தச் சகோதரி திரைக்குப் பின்னாலிருந்து ஒன்றைத்தான் சொன்னார்: பிள்ளைகளைப் பக்கத்து வீட்டிற்கு அனுப்பி, வாசல் கதவைத் தாழிட்ட பிறகே அவன் கையை ஓங்கினான். பார்க்கக் கூடாதவர் யார் என்று தெரிந்திருந்தவனுக்கு, அடிப்பது தவறு என்று மட்டும் தெரியாமல் போயிற்றா? இதைத்தான் நாம் அங்கே கேட்டோம். சமாதானம் பேசி அனுப்பிவிடலாம் என்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. காவல் நிலையத்திற்கான மனுவை அன்றிரவே நாம் எழுதிக் கொடுத்தோம்.

நமது இமாம்களின் வழியும் ஏறத்தாழ இதுவே. வற்புறுத்தலால் அல்லது அறியாமல் அருந்தியவன்மீது பாவமில்லை. விரும்பிக் குடித்துக் கொலை செய்தவன்மீது கிஸாஸ் உண்டு என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. இல்லையெனில் கொல்ல விரும்புபவன் முதலில் குடித்துக்கொள்வான் என்று காரணமும் சொன்னார்கள். மது தடை செய்யப்படுவதற்கு முன் ஹம்ஸா (ரலி) அவர்கள் போதையில் அலீ (ரலி) அவர்களின் இரு பெண் ஒட்டகங்களை அறுத்துவிட்ட நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. போதையில் அவர்கள் சொன்ன கடுஞ்சொல்லைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், பதில் ஏதும் கூறாமல் பின்வாங்கித் திரும்பினார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கே நாம் காண்கிறோம். தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்கள் விஷயத்திலும், குடித்திருக்கிறாரா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒருவர் எழுந்து அவரது வாயை முகர்ந்து பார்த்தார். போதையிலிருப்பவனின் வாக்குமூலத்திற்கு எடை குறைவு.

தலாக் வரும்போதுதான் மனம் இடறுகிறது. விரும்பிக் குடித்தவன் சொன்ன தலாக் நிகழ்ந்துவிடும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பெயர்பெற்ற தீர்ப்பு. குடித்தவனுக்கு அது தண்டனை என்றார்கள். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செல்லாது. ஆயினும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி நின்றுவிடவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களோ போதையிலிருப்பவனின் தலாக்கை ஏற்கவில்லை. ஹனஃபீ அறிஞர்களான தஹாவீ, கர்கீ (ரஹ்) ஆகியோரும் அவ்வாறே கருதினார்கள். அவர்கள் பக்கமே நமது மனம் சாய்கிறது. தண்டனை குடித்தவனுக்கு என்று சொல்லிவிட்டு, குடிக்காத ஒருத்தியையும் அவளுடைய பிள்ளைகளையும் தெருவில் நிறுத்துவது எப்படித் தண்டனையாகும்?

"கொலைக்குப் போதை மன்னிப்பில்லை என்றால் தலாக்குக்கு மட்டும் ஏன், ஹஜ்ரத்?" என்று சென்ற மாதம் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். செயலின் விளைவு முறிந்த கையாக நம் கண்முன் நிற்கிறது; அதைச் செய்தவனின் நிதானத்தைக் கேட்டு அந்த எலும்பு ஒன்றுசேர்வதில்லை. சொல்லுக்கோ, சொன்னவனின் நாட்டத்தைத் தவிர வேறு உயிர் இல்லை என்று நாம் சொன்னோம். அவர் திருப்தியடையவில்லை, தஹாவீயின் நூலைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்.