புது ஆற்றங்கரையில் முதிய காவலர்கள்

தஞ்சைக்கு வருவோர் பெரிய கோயிலைக் காண்பர். அரண்மனையையும் சரசுவதி மகால் நூல்நிலையத்தையும் காண்பர். பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் திருப்பயணிகள் திரு இருதயப் பேராலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டுவிட்டுத் தங்கள் வழியைத் தொடர்வர். புது ஆற்றின் கரையை ஒட்டியும் அதற்குத் தெற்கேயும் பரந்து கிடக்கும் குடியிருப்புகளைக் காண எவரும் வருவதில்லை. அங்கே காண என்ன இருக்கிறது? சுற்றுச்சுவர்களும், இரும்புக் கதவுகளும், வாசலில் ஒரு வேப்பமரமும், கொல்லையில் இரண்டு தென்னைகளும்தாம். எனினும் வாசகர்களை ஒருநாள் விடியற்காலையில் அப்பக்கம் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

புது ஆறு என்று மக்கள் அழைப்பது கல்லணைக் கால்வாயையே. மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாக 1925-இல் தொடங்கி 1934-இல் முடிக்கப்பெற்ற இக்கால்வாய், அதுவரை காவிரி நீர் ஏறாதிருந்த மேட்டு நிலங்களுக்குப் பாசனம் தந்துகொண்டு புதுக்கோட்டை மாவட்டம் வரை செல்கிறது. சூன் 12 மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள். சில நாட்களில் நீர் கல்லணையை எட்டி, பின்னர் புது ஆற்றிலும் இறங்கும்போது, கோடையெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்த மண்ணிலிருந்து ஒரு மணம் எழும். அம்மணத்தை முதலில் அறிபவர்கள் நாம் அல்லர். கண் மங்கி, காது மந்தித்து, கால் தளர்ந்து நம்மோடு கரையில் நடந்துவரும் நாய்களே மூக்கை உயர்த்தி நின்று அதை நமக்கு அறிவிக்கின்றன.

காலை ஐந்தரை மணிக்கு அக்கரையில் ஒரு சிறு ஊர்வலமே நடக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இரயில்வேக்காரர்கள், அவர்களோடு அவர்களுடைய நாய்கள். யார் யாரை அழைத்துச் செல்கிறார் என்று சொல்வது அரிது. முழங்கால் வலியுள்ள ஆசிரியர் ஒருவரும் இடுப்பு வலியுள்ள அவருடைய நாயும் நாள்தோறும் மதகுக்கட்டை வரை வந்து ஒன்றாக அமர்ந்து, ஒன்றாக எழுந்து, வீடு திரும்புவர். ஆசிரியர் எழ முயலும்போது நாய் காத்திருக்கும். நாய் எழ முயலும்போது ஆசிரியர் காத்திருப்பார்.

இக்குடியிருப்புகள் தோன்றிய காலத்தில் பக்கத்து வீடு என்பது கூப்பிடு தொலைவில் இருந்தது. தெருவிளக்கு இல்லை, இடையிலெல்லாம் தரிசும் வயலும். திருடர்க்கு அஞ்சினோம், பாம்புக்கு அதைவிட அஞ்சினோம். ஆகவே, கிராமத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் போலவே ஒரு நாட்டு நாய்க்குட்டியையும் கையோடு கொண்டு வந்தனர். அவற்றின் தாய்கள் களத்து மேட்டில் நெற்குவியலுக்கும் வைக்கோற்போருக்கும் காவல் கிடந்தவை. மீந்த சோற்றில் சிறிது குழம்பு. வாசலில் ஒரு சாக்கு. அவற்றின் சம்பளம் அவ்வளவே. பின்னர்ப் பிள்ளைகள் விரும்பினர் என்பதற்காகப் பொமரேனியனும் லாப்ரடாரும் வந்தன. இராசபாளையம் நாய் வைத்திருந்தவர்களுக்கோ தனிப் பெருமிதம். 2005-இல் அஞ்சல் துறை அந்நாயின் படத்தைத் தபால்தலையிலேயே வெளியிட்டதன்றோ!

ஆண்டுகள் சென்றன. குட்டியைக் கொஞ்சி வளர்த்த பிள்ளைகள் படித்து முடித்தனர். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் கனடாவில். வீட்டில் எஞ்சியிருப்போர் முதிய பெற்றோரும் முதிய நாயுமே. இன்று இத்தெருக்களில் பல வீடுகளின் நிலை இதுதான். நம் வீட்டின் நிலையும் இதுவே.

நம் வீட்டு நாயின் பெயர் டைகர். அப்பெயருக்குரிய வீரம் அதனிடம் என்றுமே இருந்ததில்லை. தீபாவளி வெடிக்கும் கிறிஸ்துமஸ் இரவு வாணவேடிக்கைக்கும் நடுங்கிக் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிடும். அதன் பன்னிரண்டாம் வயதில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினோம். தெருவே அதிர வெடித்துக்கொண்டிருந்தது. டைகரோ வாசற்படியில் நிம்மதியாக உறங்கிக் கொண்டிருந்தது. ஒருவழியாக அச்சம் தெளிந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். அருகில் சென்று பெயர் சொல்லி அழைத்தபோதுதான், அதற்குக் காது கேட்கவில்லை என்பது நமக்கு உறைத்தது. எத்தனை மாதங்களாகவோ, நாம் அழைத்தும் வரவில்லை என்று அதைக் கடிந்துகொண்டிருந்தோம்.

நாயின் முதுமை இவ்வாறே ஓசையின்றி வருகிறது. நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்று கணக்கிடுவது வழக்கம். அக்கணக்கு துல்லியமானதன்று. நாய் முதல் இரண்டாண்டுகளிலேயே முழு வளர்ச்சி எய்திவிடுகிறது. பெரிய உடல் கொண்டவை விரைவில் மூப்படைகின்றன. சிறியவை நெடுநாள் வாழ்கின்றன. பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் பொதுவான ஆயுள் எனலாம். ஆஸ்திரேலியாவில் புளூயி என்னும் மாடு மேய்க்கும் நாய் 29 ஆண்டுகளும் 5 மாதங்களும் வாழ்ந்து 1939-இல் இறந்ததாகப் பதிவு உண்டு; அது விதிவிலக்கு. முகத்தில் நரை தோன்றும், கண்மணியில் நீலம் பாய்ந்த மங்கல் படியும், மூட்டுகள் இறுகும். சில நாய்கள் இரவில் உறங்காமல் வீட்டைச் சுற்றி வரும். பழகிய மூலையிலேயே வழி தெரியாமல் நிற்கும். அது பிடிவாதமன்று, மனிதர்க்கு வருவது போன்ற மறதி நோயே. மோப்ப உணர்வு மட்டும் பெரும்பாலும் கடைசிவரை துணை நிற்கும்.

இவற்றிற்குச் செய்யக்கூடியவை எளியவை. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் தடுமாறாத நாய், இன்றைய வழவழப்பான டைல்ஸ் தரையில் சறுக்கி விழுகிறது. அது நடக்கும் வழியில் ஒரு கோணியை விரித்தால் போதும். நாய்க்கு உடல் முழுதும் வேர்ப்பதில்லை. உள்ளங்கால்களில் மட்டுமே சிறிது வேர்க்கும். நாவைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அக்கினி நட்சத்திர நாட்களில் நிழலும் ஈரச் சாக்கும் நிறைந்த தண்ணீர்ப் பாத்திரமும் அதற்கு உயிர்காப்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை என்பதைச் சாம்பார் சோறு ஊற்றும் நம்மில் பலர் அறியோம். சமைத்த கோழி எலும்பு சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும். நாம் விழுங்கும் வலி மாத்திரைகளை ஒருபோதும் நாய்க்குத் தரலாகாது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் சிறுநீரகமோ வேறு உறுப்போ பழுதுற்றிருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கி வருவது நம் மாவட்டத்தாருக்குப் பேருதவி.

எளியவை என்றோம். ஆயினும் எல்லா வீடுகளிலும் அவை செய்யப்படுவதில்லை.

ஓர் ஆவணி மாதக் காலையில், புது ஆற்றங்கரையில் ஒரு முதிய லாப்ரடார் நாய் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் பட்டை கழற்றிய தடம் மட்டும் இருந்தது. முன்னாள் இரவு ஒரு கார் வந்து நின்றதாகவும், நாயை இறக்கிவிட்டுச் சென்றதாகவும் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டனர். கார் சென்ற திசையை நோக்கியபடியே அது நின்றது. ஒவ்வொரு வண்டியின் ஓசைக்கும் காதை நிமிர்த்தியது. யாரோ போட்ட பிஸ்கட்டுகளை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இவ்வாறு ஒரு பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது நமக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தோம்? முதல் நாள் அவ்வழியே திருப்பலிக்குச் சென்றோம். இரண்டாம் நாளும் அவ்வழியே திருப்பலிக்குச் சென்றோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழ நாய் இருக்கிறதே என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மையார் தம் பேத்தியுடன் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மோர்ச்சோறு எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். கணவரை இழந்தவர், மக்கள் இருவரும் வெளிநாட்டில். பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். நாயின் முன் சோற்றை வைத்துவிட்டு, அது உண்ணும்வரை போகமாட்டேன் என்பதுபோல் மதகுக்கட்டையில் அமர்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. அப்போது சிறுமி கேட்டாள்: "ஏன் அப்பாயி, வயசாயிட்டா கொண்டாந்து விட்டுடுவாங்களா?"

அம்மையார் உடனே விடை கூறவில்லை. நம்மையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "எல்லாரும் விடமாட்டாங்க கண்ணு" என்றார். அச்சொல் நாயைப் பற்றியதா, தம்மைப் பற்றியதா என்று நாம் கேட்கவில்லை. அன்று மாலை அந்நாய் அவர் பின்னே நடந்து எதிர்வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அவ்விரவு தோபித்து நூலை எடுத்துப் படித்தோம். தோபியா நெடும் பயணம் புறப்படுகையில் வானதூதர் இரபேல் உடன் செல்கிறார்; கூடவே ஒரு நாயும் செல்கிறது. 6-ஆம் அதிகாரத்தில் ஒருமுறை. திரும்பி வருகையில் 11-ஆம் அதிகாரத்தில் ஒருமுறை. அதற்குப் பெயர் இல்லை. அது எவரையும் காப்பாற்றவில்லை, வழிகாட்டவில்லை, குரைத்ததாகக்கூட எழுதப்படவில்லை. உடன் சென்றது, உடன் வந்தது, அவ்வளவே. அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாலும் கதைக்குக் குறை நேர்ந்திராது. ஆயினும் திருநூலில் அதற்கு இடம் கிடைத்தது. காவல் காக்க இயலாத, குரைக்கவும் மறந்த நம் முதிய நாய்களும் செய்வது அந்த ஒன்றைத்தான். அவை உடன் இருக்கின்றன. பிள்ளைகள் பிரிந்த வீட்டில் அது சிறு தொண்டன்று.

அன்பிற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளை வீணாக வருத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்று போதிக்கிறது. அதே இடத்தில், மனிதரின் வறுமையைத் துடைக்க முதற்கண் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று நினைவூட்டுகிறது. முதிய நாய்க்கு வேண்டியது விலையுயர்ந்த உணவோ பிறந்தநாள் கேக்கோ அன்று. நிழல், தண்ணீர், மென்மையான சோறு, ஆண்டுதோறும் தவறாத வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவையே. எவ்வளவு பழகிய நாயாயினும், கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதில் பாசம் பார்ப்பது ஆபத்து.

டைகரின் கடைசி நாட்கள் வந்தன. சிறுநீரகம் செயலற்றது. மூன்று நாட்களாகத் தண்ணீரும் இறங்கவில்லை, இரவெல்லாம் முனகியது. இனித் துன்பம் கூடுமேயன்றிக் குறையாது என்றும், ஊசி ஒன்றால் அமைதியாக முடிக்கலாம் என்றும் மருத்துவர் கூறினார். நம் மனம் துணியவில்லை. இது பாவமாகாதா? பங்குத் தந்தையிடம் கேட்டோம். மனித உயிர் கடவுளின் சாயல், அதை முடிக்கும் உரிமை எவருக்கும் எந்நிலையிலும் இல்லை. விலங்கின் பொறுப்போ மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டது, அதன் வீண் துன்பத்தைத் தணிப்பது அப்பொறுப்பில் அடங்கும் என்று அவர் விளக்கினார். பிறகு, "ஊசி போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்" என்றார்.

இருந்தோம். வாசற்படியில், அது எப்போதும் படுக்கும் சாக்கின்மீதே, நம் கை அதன் தலைமேல் இருக்க, எல்லாம் முடிந்தது. காது கேளாது என்று அறிந்தும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கொல்லைத் தென்னையின் அடியில் ஆழக் குழி எடுத்துப் புதைத்தோம். வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த மாசம் ஊருக்கு வர்றேம்பா" என்றான். வருவதற்கு முன்பு அவனுக்கு விடுப்பு கிடைத்ததே இல்லை.

சனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். அன்று கால்நடைகளை மந்திரிப்பது பல நாடுகளில் வழங்கும் பழைய வழக்கம். பொங்கலை அடுத்து வருவதால் மாட்டுப் பொங்கலின் மகிழ்ச்சியும் நம்மவர்க்கு அதனோடு சேர்ந்துகொள்கிறது. நம் குடியிருப்பில் இப்போது மாடுகள் அரிது. இவ்வாண்டு அந்நாளில் கோயில் முற்றத்துக்கு இரண்டு பசுக்களும் ஓர் ஆடும் வந்திருந்தன. வரிசையின் கடைசியில் எதிர்வீட்டு அம்மையார் தம் முதிய லாப்ரடாருடன் நின்றார். இளைஞர் சிலர் சிரித்தனர். பங்குத் தந்தை சிரிக்கவில்லை; பசுவுக்குச் சொன்ன செபத்தை நாய்க்கும் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நாய் உடலைச் சிலுப்பி, பெற்ற தீர்த்தத்தைச் சுற்றியிருந்த அனைவர்மீதும் பகிர்ந்தளித்தது. சிரித்த இளைஞர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது.

வாசகர்களே, உங்கள் வாசலிலும் ஒரு முதிய நாய் படுத்திருக்கலாம். அழைத்தும் வரவில்லையென்றால் கடிந்துகொள்ளாதீர்கள். சற்று அருகில் சென்று அழையுங்கள்.